பனிக்கு அஞ்சுவோர்க்கு ஒரு மறுப்பு

மார்கழி பிறந்து தை முடியும்வரையில், விடிவதற்கு முன்னே சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாக வெளியே புறப்படுகிறவனைப் பற்றி நம்மவரிடையே ஓர் அபிப்பிராயம் வேரூன்றியிருக்கிறது. பனிக்காற்று சரீரத்துக்கு ஆகாது என்பதும், தலையில் பனி இறங்கினால் சளியும் காய்ச்சலும் நிச்சயம் என்பதும், ஆரோக்கியத்தின் பொருட்டு வெளியே போகத்தான் வேண்டுமென்றால் வெயில் ஏறிய பிறகு நாலு பேர் துணையோடு போவதே விவேகம் என்பதும், இவற்றையெல்லாம் புறக்கணித்துத் தனியே போகிறவன் ஒன்று பிடிவாதக்காரன், அல்லது பிறர் மெச்ச வேண்டித் தன்னை வருத்திக்கொள்கிறவன் என்பதும் அந்த அபிப்பிராயத்தின் அங்கங்கள். வீட்டுப் பெரியவர்கள் இதை அன்பினால் சொல்லுகிறார்கள். வைத்தியக் குறிப்பு எழுதுகிறவர்கள் பத்திரிகைகளில் ஆண்டுதோறும் இதையே வேறு வேறு வாசகங்களில் அச்சிடுகிறார்கள். சைக்கிள் சங்கங்களைச் சேர்ந்த இளைஞர்கள்கூட, குளிரைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டுத் தனிமையைப் பற்றிய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கூட்டமாகப் போவதே முறை என்று உபதேசிக்கிறார்கள். குளிரும் தனிமையும் அந்தப் பிரயாணத்துக்கு நேர்ந்த குறைகள் என்பது இவர்கள் அனைவருக்கும் பொதுவான எண்ணம். அவ்விரண்டுமே அதன் சாரம் என்பதும், அவற்றை நீக்கிவிட்டுப் போகச் சொல்லுகிற புத்திமதி போகாதே என்று சொல்லுவதற்குச் சமானம் என்பதும் என் துணிபு.

குளிர் என்றவுடன் இமயமலைச் சாரலை நினைக்க வேண்டியதில்லை. நான் பேசுவது கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கிற ஓசூர்ப் பீடபூமியைப் பற்றி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்த பிறகு, பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவெல்லாம் வெளியே விட்டுவிடுகிறபடியால், தை மாதத்து விடியலில் அங்கே வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது சாதாரணம். ஓசூரிலிருந்து மதகொண்டபள்ளி வழியாகத் தளிக்குப் போகும் சாலை சுமார் 25 கிலோமீட்டர். ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். ஏரிகளும், அறுவடை முடிந்த ராகிக் கொல்லைகளும், கோஸ் பயிரிட்ட வயல்களும், ரோஜாத் தோட்டங்களும் இருபுறமும் தொடர்ந்து வரும். தளியை வெள்ளைக்காரத் துரைமார்கள் குட்டி இங்கிலாந்து என்று அழைத்ததாக அங்குள்ளவர்கள் இன்றும் பெருமையோடு சொல்லுவார்கள். அந்தச் சாலையில் சென்ற அனுபவமும், அதைக் குறித்துப் பலரும் எனக்குக் கூறிய ஆட்சேபங்களுமே இந்த மறுப்புக்குக் காரணம்.

ஆட்சேபத்தின் அஸ்திவாரம் வைத்தியம். பனி வானத்திலிருந்து இறங்கித் தலைக்குள் புகுந்து சளியாக மாறுகிறது என்ற நம்பிக்கை படித்தவர் வீடுகளிலும் இன்னும் நிலைத்திருக்கிறது. 1814-ஆம் ஆண்டிலேயே வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற லண்டன் வைத்தியர், நிறுத்தெடுத்த கம்பளித் துணுக்குகளை இரவிலே திறந்த வெளியிலும் மறைவிலும் வைத்து, பின்பு மறுபடியும் நிறுத்துப் பார்த்து, பனித்துளி மேலிருந்து விழுவதில்லை என்பதையும், தன் வெப்பத்தை இழந்து குளிர்ந்துபோன பொருளின்மீது காற்றிலுள்ள ஈரமே படிகிறது என்பதையும் ஒரு நூலாக எழுதி நிலைநாட்டிவிட்டார். இரவெல்லாம் அசையாமல் கிடந்த புல்லின் நிலை வேறு. உழைப்பினால் சூடேறிய மனிதத் தலையின் நிலை வேறு. மூடுபனியினூடே செல்லும்போது தலைமயிர் நனைவது வாஸ்தவந்தான். அது ஒரு துண்டினால் துவட்டினால் போய்விடுகிற நனைவு.

ஜலதோஷத்தை உண்டாக்குவது கிருமி என்பதை இப்போது மறுப்பார் இல்லை. ஆயினும் குளிர்தான் அதை வரவழைக்கிறது என்பார்கள். இதைச் சோதித்தறிவதற்கு இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகரத்தின் அருகே 1946-இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தில், தாமாக முன்வந்தவர்களை வெந்நீரில் குளிக்கச் செய்து, ஈரம் உலராமல் காற்று வீசும் நடையிலே நிற்கவைத்து, நனைந்த காலுறையோடு நேரத்தைக் கழிக்கச் செய்து பார்த்தார்கள். குளிரில் வாடியவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக ஜலதோஷம் பிடித்ததாக அந்தப் பரிசோதனைகளில் தெரியவில்லை. எதிர்க்கட்சிக்குச் சாதகமானதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: 2005-இல் கார்டிஃப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், 20 நிமிஷம் குளிர்ந்த நீரில் பாதங்களை வைத்திருந்தவர்களில், அப்படி வைக்காதவர்களைவிட அதிகம் பேர், அடுத்த சில நாட்களில் ஜலதோஷத்தின் உபத்திரவங்களைக் கூறினார்கள் என்று வெளியிட்டார்கள். அவர்களும், உடம்பில் முன்னமே ஒளிந்திருந்த கிருமி குளிரினால் மூக்கின் இரத்த நாளங்கள் சுருங்கும்போது தலைதூக்கக்கூடும் என்று கருதினார்களேயன்றி, குளிரே கிருமியைப் படைக்கிறது என்று சொல்லவில்லை. மேலும், அவர்கள் ஆராய்ந்தது அசையாமல் உட்கார்ந்திருந்தவர்களை. கிருமி ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வருவது என்றால், கதவும் ஜன்னலும் அடைத்த அறைக்குள் இருமுகிறவர்களோடு நெருங்கிப் படுத்திருப்பவனுக்கு அபாயம் அதிகமா, சுற்றிலும் ஒரு மனிதன்கூட இல்லாத திறந்த வெளியிலே தனியாகச் செல்லுகிறவனுக்கு அபாயம் அதிகமா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

குளிரை எதிர்க்கும் சக்தி வெளியிலிருந்து வர வேண்டும் என்று எண்ணுவது இவர்கள் செய்கிற பெரிய தவறு. கம்பளி, குல்லாய், மப்ளர், சுக்குக் கஷாயம் என்று வெளிச் சாதனங்களையே அடுக்குகிறார்கள். மனித தேகம், தான் உணவிலிருந்து செலவழிக்கிற சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைத்தான் பெடலை மிதிக்கிற வேலையாக மாற்றுகிறது. மிச்சமெல்லாம் உஷ்ணமாகவே வெளிப்படுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் சரீரம் நூறு வாட் பல்பு ஒன்றின் அளவுக்குச் சூட்டை வெளியிடுகிறதென்றால், சமநிலத்தில் நிதானமாகச் சைக்கிள் மிதிக்கும்போது அதைப் போல் மூன்று நான்கு மடங்கு சூட்டை வெளியிடுகிறது. புறப்பட்ட முதல் பத்து நிமிஷம் விரல் நுனியும் காது மடலும் குளிரும். பிறகு மார்பிலிருந்து ஒரு வெதுவெதுப்பு எழுந்து தோள்களுக்கும் கைகளுக்கும் பரவும். முதல் ஏற்றத்தை முடிப்பதற்குள் மேற்சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்ற வேண்டிவரும். போர்வையின் சூடு கடன் வாங்கிய சூடு என்று உணருவதற்கு அந்த ஒரு கணம் போதும். இரண்டு பால் கேன்களைக் கேரியரின் இருபுறமும் தொங்கவிட்டுக்கொண்டு எதிரே வந்த ஒரு முதியவரிடம், “பெரியவரே, குளிர் வாட்டவில்லையா?” என்று நான் ஒருமுறை கேட்டேன். “நின்னாத்தான் சார் குளிரும்” என்று சொல்லிவிட்டு அவர் நிற்காமல் போய்விட்டார். பெரிய சாஸ்திர விளக்கம் எதுவும் அதற்கு மேல் தேவையில்லை.

அவர் சொன்னதிலிருந்து இன்னொன்றும் பெறப்படுகிறது. உண்மையில் குளிரினால் துன்புறுகிறவன் மோட்டார் சைக்கிளில் போகிறவன். அவன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய தேகம் கூடுதலான சூட்டை உண்டாக்குவதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று அவன் மார்பிலே மோதுகிறது. அதே விடியலில், அதே சாலையில், சிப்காட் தொழிற்பேட்டையின் முதல் ஷிப்டுக்கு அப்படிப் போகிறவனை எந்தப் பெரியவரும் தடுப்பதில்லை, எந்த வைத்தியக் குறிப்பும் கண்டிப்பதில்லை. மெதுவாகப் போகிற, உழைத்துச் சூடேறுகிற சைக்கிள்காரனையே எல்லோரும் எச்சரிக்கிறார்கள். ஆதலால் இந்த எச்சரிக்கைக்குக் காரணம் குளிரைப் பற்றிய அறிவாக இருக்க முடியாது.

காரணம் வேறு; அதைச் சொல்லும்போது எனக்கு வருத்தம் உண்டாகிறது. மார்கழி விடியலில் நம் ஊர்ச் சாலைகளில் தனியாகச் சைக்கிள் மிதிக்கிறவர்கள் யார்? கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் கொண்டுபோகிறவர், பத்திரிகைக் கட்டைப் பிரித்து வீடு வீடாகப் போடுகிற சிறுவன், பறித்த பூவைச் சந்தைக்குச் சேர்க்கிறவர், கீரைக் கட்டுகளையும் கொத்துமல்லிக் கட்டுகளையும் கூடையில் அடுக்கி வருகிறவர், இரவுக் காவல் முடிந்து வீடு திரும்புகிறவர். மரபாக இவர்களே பனிக்காலத்துச் சைக்கிள்காரர்கள். இவர்களில் ஒருவருக்கும், பனி ஆகாது, தனியே போகாதே என்று நம் பத்திரிகைகள் புத்தி சொன்னதில்லை. பிழைப்புக்காகப் போகிறவனுக்குக் குளிர் ஒரு பொருட்டில்லை என்றும், விரும்பிப் போகிறவனுக்கு அதுவே பிராணாபாயம் என்றும் சொல்லுகிற நியாயம் சரீர தர்மத்தைச் சார்ந்ததன்று. அது அந்தஸ்தைச் சார்ந்தது. காரும் மோட்டாரும் வாங்க வசதியுள்ளவன் பால்காரருடைய வாகனத்தில், பால்காரருடைய நேரத்தில், பால்காரரைப் போலத் தனியாகப் போவது தகாது என்ற எண்ணமே வைத்தியத்தின் வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. பத்திரிகை போடுகிற சிறுவனுக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றாதவர்கள் என் காதுக்கு மப்ளர் சுற்றிக்கொள்ளச் சொல்லுவதை நான் எவ்வாறு ஏற்றுக்கொள்வேன்?

யாவரும் எக்காலத்திலும் போகலாம் என்பது என் கட்சியன்று. குளிர்ந்த வறண்ட காற்றை வேகமாக உள்ளிழுக்கும்போது ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக்குழல் சுருங்கும். இருதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்குக் குளிரில் நாளங்கள் இறுகும். அவர்கள் தங்கள் வைத்தியரைக் கலந்தே முடிவுசெய்ய வேண்டும். காற்றசையாத பனிக்கால விடியலில் புகை மேலே எழ முடியாமல் தரையோடு தங்கிவிடுவதால், டெல்லி போன்ற நகரத்தில் ஜனவரி மாதக் காலையில் சைக்கிள் மிதிக்கச் சொல்லுவது பாவம். போகிப் பண்டிகையன்று சென்னையிலும் அப்படியே. தளிக்கு அப்பால் ஜவளகிரிக் காட்டுப் பகுதியில், ராகி முற்றுகிற காலம் தொடங்கிப் பனிக்காலம் முழுவதும் பன்னேர்கட்டா வனத்திலிருந்து யானைக் கூட்டங்கள் வந்து போகும். அங்கே நன்றாக வெளிச்சம் வருமுன் சைக்கிளில் மட்டுமல்ல, எதிலுமே தனியாகப் போகக் கூடாது. மூச்சு, புகை, யானை என்று காரணத்தைக் குறிப்பாகச் சொல்லித் தடுக்கிறவருக்கு நான் கட்டுப்படுகிறேன். காரணம் சொல்லாமல் பனி என்ற ஒரே பேச்சினால் எல்லோரையும் போர்வைக்குள் தள்ளுகிறவருக்கு மாட்டேன்.

இனி, குளிரை ஒப்புக்கொண்டு தனிமையை மட்டும் ஆட்சேபிக்கிறவர்களுக்கு வருகிறேன். கூட்டமாகப் போனால் பாதுகாப்பு, உற்சாகம், ஒழுங்கு என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுகிறார்கள். ஒருவர் பின்னால் ஒருவர் நெருங்கிச் சென்றால் முன்னே செல்பவர் காற்றைப் பிளந்துகொண்டு போவதால் பின்னே வருகிறவருக்குச் சிரமம் கணிசமாகக் குறையும் என்பது உண்மை. பந்தயக்காரர்கள் இந்த உபாயத்தினால்தான் நெடுந்தூரம் செல்கிறார்கள். ஆனால் அப்படிச் செல்லுகிறவனுடைய கண்கள் முன்னே செல்கிறவனுடைய சக்கரத்துக்கும் தனக்கும் இடையே உள்ள அந்த ஒரு முழ இடைவெளியைத் தவிர வேறொன்றையும் பார்க்க முடியாது. பனி படர்ந்து நாற்பது அடிக்கு அப்பால் எதுவும் தெரியாத சாலையில், ஈரத்தினால் பிரேக் கட்டை விளிம்பைச் சட்டென்று பற்றாத நேரத்தில், பத்துப் பேர் ஒட்டிக்கொண்டு போவதைப் பாதுகாப்பு என்பது எங்ஙனம்? முதல் ஆள் ஒரு மாட்டைக் கண்டு பிரேக்கை அழுத்தினால் பின்னால் வருகிற அத்தனை பேரும் சாய்வார்கள். தனியே போகிறவன் தன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு ஏற்றபடி வேகத்தைக் குறைத்துக்கொள்ளுகிறான், யாருக்காகவும் விரைவதில்லை.

குளிர் பிடிப்பதும் கூட்டத்திலேதான். சொன்ன நேரத்துக்கு வராதவனுக்காகப் புறப்படும் இடத்தில் காத்து நிற்கிறார்கள், அதனால் குளிருகிறது. பிறகு, வேகக்காரர்களுக்கு ஈடுகொடுக்க மிதித்து வேர்த்து நனைகிறார்கள். அடுத்த ஊர் டீக்கடையில் பின்தங்கியவர்கள் வந்து சேரும்வரை அந்த ஈரச் சட்டையோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். வேர்வை உலரும்போது உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும் என்பதை மண்பானைத் தண்ணீர் குடித்த எவரும் அறிவார்கள். வீட்டுக்குப் போய் உடம்பு வெடவெடக்கிறது என்று படுத்துக்கொண்டு, மார்கழிப் பனியின்மீது பழியைப் போடுகிறார்கள். தனக்கு இயைந்த வேகத்தில் நிற்காமல் மிதித்துத் திரும்பி, உடனே சட்டையை மாற்றிக்கொள்ளுகிற தனியாளுக்கு இந்தத் துன்பம் இல்லை.

தனிமையில் கிடைப்பது என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லுகிறேன். காற்று அசையாத தெளிந்த இரவின் முடிவில், குளிர்ந்த காற்று கனத்தினால் தாழ்ந்த இடங்களில் வழிந்து தேங்குகிறது. சற்று உயர்ந்த மேட்டிலே அதைவிட வெப்பமான காற்று நிற்கிறது. இதைப் பள்ளிக்கூடத்துப் புவியியலில் படித்திருக்கிறோம். ஆனால் ஓர் ஏரிக்கரையை நோக்கிச் சரிவில் இறங்கும்போது, முதலில் கணுக்காலும், பின்பு முழங்காலும், பின்பு முகமும் வேறோர் உலகத்துக் குளிரில் அமிழ்வதையும், காற்றைவிடச் சூடாக இருக்கிற ஏரித் தண்ணீரின்மேல் ஆவி எழுந்து கரையோடு நகர்வதையும், மறுகரை மேட்டில் ஏறியவுடன் யாரோ கதவைத் திறந்துவிட்டாற்போல் முகத்தில் வெதுவெதுப்புப் படுவதையும், சரீரமே வெப்பமானியாக இருந்து அறிகிற அறிவு, கண்ணாடி ஏற்றிய காருக்குள் இருக்கிறவனுக்கு வராது. பேசிக்கொண்டே போகிற கூட்டத்துக்கும் வராது. தைல மரத் தோப்பின் வாசனை எங்கே முடிகிறது, ஈர மண்ணின் வாசனை எங்கே தொடங்குகிறது, எந்த வீட்டில் அடுப்பு மூட்டிவிட்டார்கள் என்பதெல்லாம், வாய் மூடி மூச்சு சீராக ஓடும்போதுதான் புலப்படுகின்றன. வேனிற்காலத்தில் இவை இல்லை. கூட்டத்தில் இவை இருந்தும் இல்லை. ஆகவேதான் குளிரும் தனிமையும் அப்பிரயாணத்தின் சாரம் என்றேன்.

தனிமையை நாடுகிறவன் மனிதர்களை வெறுக்கிறான் என்று சிலர் கூறுவதும், மார்கழி என்றால் பஜனைக் கோஷ்டியும் தோழியரை எழுப்பும் திருப்பாவையுமாகச் சமூகமாய்க் கூடுகிற மாதம் அல்லவா என்று வேறு சிலர் மரபைத் துணைக்கழைப்பதும் உண்டு. பகல் முழுதும் ஆலையிலும் அலுவலகத்திலும் குடும்பத்திலும் பிறரோடு பிறருக்காக இருக்கிறவன் ஒரு மணி நேரம் தன்னோடு இருக்க விரும்புவது வெறுப்பாகாது. திருப்பாவை போற்றுகிற அந்த நோன்போ, விடியுமுன் எழுந்து குளிர்ந்த நீரில் நீராடுவதில் தொடங்குகிறது. அந்த மரபை மேற்கோளாகக் காட்டுகிறவர்கள் கூடிப் போ என்று எனக்குச் சொல்லலாம்; பனிக்குப் பயந்து படுத்திரு என்று சொல்ல அவர்களுக்கு இடமில்லை.

பெண்களைப் பற்றிய கேள்வி இவையெல்லாவற்றினும் கனமானது. ஒரு பெண் அந்த இருட்டில் தனியாகப் போக முடியுமா என்று கேட்கிறார்கள். இப்போதைய நிலையில் பல இடங்களில் அது எளிதன்று என்பதை மறுக்க எனக்கு வாயில்லை. ஆனால் அவளை அச்சுறுத்துவது குளிருமன்று, தனிமையுமன்று. விளக்கில்லாத சாலையும் அதில் திரிகிற ஆண்களின் நடத்தையுமே. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின்போது, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், ஊராரின் ஏளனத்தைக் காதில் வாங்காமல், சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பஸ்ஸுக்கும் கணவனுக்கும் தம்பிக்கும் காத்திராமல் தங்கள் காரியத்துக்குத் தாங்களே தனியாகப் போய்வர முடிந்ததையே அவர்கள் பெரும் லாபமாகக் கருதினார்கள். கூட்டத்தோடுதான் போக வேண்டும் என்ற விதியை அன்று அவர்கள்மீது சுமத்தியிருந்தால் அந்த லாபம் எங்கே போயிருக்கும்?

வெளியே போகாமலே வீட்டு அறையில் நிலையாக நிறுத்திய சைக்கிளை மிதிக்கலாமே என்கிற யோசனைக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. தசைகளுக்கு அது போதும், நான் பேசுவது தசைகளைப் பற்றி மாத்திரம் அன்று. குளிர்நாடுகளில் வாழ்கிறவர்கள்கூட அறைக்குள் அடங்கிவிடவில்லை. துருவ வட்டத்தை அண்டிய பின்லாந்தின் ஓலு நகரத்தில், நீர் உறைகிற நிலைக்குப் பல டிகிரி கீழே, பனி அழுத்திச் சமன்செய்த பாதைகளில் பள்ளிக் குழந்தைகள் சைக்கிளில் போகிறார்கள். குளிர்காலச் சைக்கிள் பிரயாணத்தைப் பற்றி ஆராய்வதற்கென்றே ஒரு சர்வதேச மாநாடு 2013-இல் அங்கே முதன்முதலாகக் கூடியது. அந்நகரத்தார் குளிரைக் கண்டு பிள்ளைகளைத் தடுக்காமல், பாதையைச் சீராக வைத்துக்கொண்டார்கள்.

நம்மவருடைய கவலை மெய்யானதாக இருந்தால் அது போக வேண்டிய திசையும் அதுதான். விடியலில் சைக்கிள்காரனைக் கொல்லக்கூடியவை எவை என்று நான் சொல்லுகிறேன்: மேலும் மேலும் தார் போட்டு உயர்த்திய சாலைக்கும் பக்கத்து மண்ணுக்கும் இடையே உண்டாகிற அரையடி வெட்டு, முகப்பு விளக்கைத் தாழ்த்தாமல் எதிரே வருகிற லாரி, பின் விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிறுத்திய டிராக்டர், சிவப்புப் பிரதிபலிப்பானும் விளக்கும் இல்லாமல் ஓடுகிற சைக்கிள். டைனமோ விளக்கு இல்லாமல் வந்தவனைப் போலீஸ்காரர் நிறுத்தி அபராதம் போட்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது விளக்கைப் பற்றிக் கேட்பாரில்லை. சாலையின் இரு ஓரத்தையும் மண் கொட்டி நிரவ வேண்டும் என்றும், பால்காரருடைய சைக்கிளுக்கும் பத்திரிகைச் சிறுவனுடைய சைக்கிளுக்கும் இலவசமாக விளக்கும் பிரதிபலிப்பானும் பொருத்திக் கொடுக்க வேண்டும் என்றும் ஒரு மனு எழுதி உரிய அதிகாரிகளிடம் கொடுக்க, பனியைப் பற்றி எனக்குப் புத்தி சொல்லுகிற அன்பர்கள் முன்வருவார்களானால், நான் அதில் கையெழுத்திடுவதோடு, தளிச் சாலையில் விடியலில் சந்திக்கிற ஒவ்வொருவரிடமும் நேரில் போய்க் கையெழுத்து வாங்கித் தரவும் சித்தமாயிருக்கிறேன்.